ஏ.பி.ஆர். எழுதலாமா? மக்கள் தொடர்பு வேலையில் இருப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், மக்கள் தொடர்பு வேலையில் இருப்பவர்களுக்கு அமெரிக்காவில் ஏ.பி.ஆர். (அக்ரெடிடட் இன் பப்ளிக் ரிலேஷன்ஸ்) என்று ஓர் அங்கீகாரத் தேர்வு இருக்கிறது, அனுபவம் உள்ளவர்கள் அதை யோசித்துப் பார்க்கலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்ததில் மிகுந்த சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டிருந்ததால் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

கோவை வாசகி: தனியார் மருத்துவமனையில் பி.ஆர்.ஓ.வாகப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பிரஸ் மீட், இலவச முகாம், டாக்டர் பேட்டி, முகநூல் பக்கம் எல்லாமே என் தலையில்தான். சம்பளம் நகரவே இல்லை. மற்றவர்கள் சொல்வதைச் செய்கிறேனே தவிர நான் என்ன நினைக்கிறேன் என்று யாரும் கேட்பதில்லை. ஏ.பி.ஆர். வாங்கினால் ஏதாவது மாறுமா? எங்கிருந்து தொடங்குவது?

சம்பளத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம். கோவையில் இருக்கும் ஒரு மருத்துவமனையின் மனிதவளப் பிரிவில் இந்த மூன்று எழுத்தைக் காட்டி இன்கிரிமென்ட் கேட்க முடியாது, அவர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இந்தியாவில் இந்த வேலை பார்க்கச் சட்டப்படி உரிமமும் தேவையில்லை, தேர்வும் தேவையில்லை. நாளைக்கே யார் வேண்டுமானாலும் பி.ஆர். ஏஜென்சி என்று போர்டு மாட்டலாம். சம்பள உயர்வு ஒன்றுதான் நோக்கம் என்றால் அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் யாரும் கேட்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு இந்தத் தேர்வுக்குத் தயாராகும் விதத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் நடைமுறை. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம், பி.ஆர்.எஸ்.ஏ., 1947-ல் தொடங்கியது. அது 1964-ல் கொண்டுவந்ததுதான் ஏ.பி.ஆர். 1998 முதல் பல சங்கங்கள் சேர்ந்து அமைத்த யுனிவர்சல் அக்ரெடிடேஷன் போர்டு என்ற அமைப்பு அதைக் கவனித்துக்கொள்கிறது. அந்தச் சங்கங்களில் ஏதாவது ஒன்றில் நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். ஐந்து வருடமாவது வேலையில் இருந்துவிட்டு வாருங்கள் என்பது அவர்கள் தரும் யோசனை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும், ஏற்கெனவே இந்த அங்கீகாரம் பெற்ற மூன்று பேர் கொண்ட பேனல் முன்னால் உட்கார்ந்து நீங்கள் செய்த ஒரு வேலையை விளக்க வேண்டும். அதில் தேறினால் கணினியில் தேர்வு: 132 கேள்வி, கொடுத்திருப்பதிலிருந்து விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, மூன்றே முக்கால் மணி நேரம். எல்லாவற்றையும் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். கட்டணம் சில நூறு டாலர், சங்கச் சந்தா தனி.

அந்தக் கேள்விகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும். ஆராய்ச்சி, திட்டம், செயல், மதிப்பீடு என்ற நாலு கட்டம். நம் ஊரில் நாம் எல்லாரும் மூன்றாவதில் தொடங்கி மூன்றாவதிலேயே முடித்துவிடுகிறோம். எம்.டி. கூப்பிட்டு ‘முகாம் போடுங்க, பேப்பர்ல வரணும்’ என்பார், நாம் போடுவோம், பேப்பரில் வரும், கட்டிங்கை ஃபைலில் ஒட்டுவோம், முடிந்தது.

உங்கள் மருத்துவமனையை வைத்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகள் வருடத்துக்கு ஒரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வார்கள், பாதிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பி.ஆர். வேலை என்ன? ‘கண்ணைக் காப்போம்’ என்று பேனர், ஒரு பிரஸ் மீட், ஒரு நடைப்பயணம். நான் சொல்வது, அதற்கு முன்னால் இரண்டு நாள் சர்க்கரைப் பிரிவின் காத்திருப்பு அறையில் போய் உட்காருங்கள், கண் சோதனைக்கு ஏன் போகவில்லை என்று ஐம்பது பேரிடமாவது கேளுங்கள். விழித்திரையைப் பார்க்கக் கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், அதன் பிறகு சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும், வண்டி ஓட்ட முடியாது. தனியாக டூவீலரில் வந்தவர் என்ன செய்வார்? ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று கிளம்பிவிடுவார். நோயைப் பற்றித் தெரியாமல் இல்லை, வீட்டுக்கு எப்படிப் போவது என்பதுதான் அவருடைய பிரச்சினை. அது தெரிந்த பிறகு நீங்கள் போடுகிற போஸ்டரே வேறாக இருக்கும். ‘அடுத்த செக்கப்புக்கு வரும்போது துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள், அன்றைக்கே கண்ணையும் பார்த்துவிடலாம்’ என்று அப்பாயின்ட்மென்ட் சீட்டிலேயே ஒரு வரி அச்சிட்டால் போதும் என்று தோன்றலாம். அதற்கு பிரஸ் மீட்டே தேவைப்படாமல் போகலாம்.

அடுத்து இலக்கு. ‘விழிப்புணர்வு ஏற்படுத்துதல்’ என்று எழுதினால் அந்தப் பேனலில் உடனே நிறுத்தி, யாருக்கு, எவ்வளவு, எப்போதுக்குள் என்று கேட்பார்கள். ‘சர்க்கரைப் பிரிவுக்கு வருகிறவர்களில் கண் சோதனை செய்துகொள்கிறவர்கள் இப்போது நூற்றுக்கு இருபது பேர் என்றால், ஆறு மாதத்தில் அதை முப்பத்தைந்தாக்குவது’ என்று எழுதினால்தான் அது இலக்கு. ஆறு மாதம் கழித்துக் கண் பிரிவின் பதிவேட்டைப் பார்த்தால் நடந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இப்படி ஒரே ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே யோசித்து, நீங்களே அளந்து, இரண்டு பக்கத்தில் எழுதி எம்.டி. மேசையில் வையுங்கள். அடுத்த முகாமுக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். ஏ.பி.ஆருக்கு நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் பேனலுக்குக் கொண்டுபோக வேண்டியதும் அதே இரண்டு பக்கம்தான். என்னைக் கேட்டால், அப்படி ஒரு வேலை கையில் இல்லாமல் யாரும் இந்தத் தேர்வுக்குப் பணம் கட்டக் கூடாது.

சென்னை, விஸ்காம் மாணவர்: கடைசி வருடம் படிக்கிறேன். படிப்பு முடிந்த கையோடு ஏ.பி.ஆர். எழுதிவிட்டால் வேலை சுலபமாகக் கிடைக்குமா?

இல்லை தம்பி. வேலை செய்தவர்களுக்கான தேர்வு இது, பேனலில் உட்கார்ந்து எந்த வேலையை விளக்குவீர்கள்? இப்போதைக்கு இரண்டு விஷயம் செய்யுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையில்லாமல் ஒரு பக்க பிரஸ் ரிலீஸ் எழுதப் பழகுங்கள். முதல் பத்தியில் யார், என்ன, எங்கே, எப்போது என்பது வந்துவிட வேண்டும், நிறுவனத் தலைவரின் புகழெல்லாம் கீழே போகட்டும். அப்புறம் இந்திய மக்கள் தொடர்புச் சங்கத்தின் சென்னைக் கிளைக் கூட்டங்களுக்குப் போய் வாருங்கள். 1958-ல் தொடங்கிய சங்கம் அது, ஏப்ரல் 21-ஐ தேசிய மக்கள் தொடர்பு தினமாகக் கொண்டாடுகிறார்கள், 1968-ல் அதே நாளில் டெல்லியில் முதல் அகில இந்திய மாநாடு நடந்ததன் நினைவாக. அங்கே வருகிற மூத்தவர்களிடம் வேலை கேட்பதைவிட, அவர்கள் செய்த ஏதாவது ஒரு வேலையைப் பற்றி விவரமாகக் கேளுங்கள்.

நுங்கம்பாக்கம் வாசகர்: ஏஜென்சியில் இருக்கிறேன். மாதக் கடைசியில் கிளையன்டுக்கு ‘இத்தனை லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குச் சமமான செய்தி வந்தது’ என்று ரிப்போர்ட் கொடுக்கிறோம். அங்கீகாரத் தேர்வுக்கான பாடத்தில் அது தப்பு என்று போட்டிருக்கிறது. கிளையன்ட் கேட்பதே அதைத்தான், நான் என்ன செய்வது?

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். பேப்பரில் வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளப்பார்கள், அகலம் இத்தனை, உயரம் இத்தனை. அதே இடத்தில் விளம்பரம் போட்டால் அந்தப் பத்திரிகையின் டாரிஃப்படி எவ்வளவு ஆகும் என்று பெருக்குவார்கள். அதோடு விடாமல், விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்று சொல்லி மறுபடி மூன்றால் பெருக்குகிறவர்களும் உண்டு. ஏன் மூன்று, ஏன் நாலு இல்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது.

தொடர்பு வேலையை அளப்பவர்களின் சர்வதேச அமைப்பான ஏமெக், 2010-ல் பார்சிலோனாவில் கூடி ஏழு கோட்பாடுகளை ஏற்றது. விளம்பர மதிப்புக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்பது அதில் ஒன்று. அதற்குப் பின்னால் அந்தக் கோட்பாடுகளைத் திருத்தி எழுதியபோதும் இந்த நிலைப்பாடு மாறவில்லை. காரணம் எளிது. ஒரு கம்பெனியின் ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தது என்று அரைப் பக்கம் செய்தி வந்தாலும் ஸ்கேலுக்கு அது அரைப் பக்கம்தான், கணக்குப்படி அது பெரிய வெற்றி ஆகிவிடும்.

கிளையன்டிடம் போய் ‘இனி அந்தக் கணக்கு தர மாட்டோம்’ என்று ஒரே நாளில் சொல்ல முடியாது, ஏஜென்சியில் நீங்கள் இருக்கும் இடமும் எனக்குப் புரிகிறது. அவர் கேட்கிற அந்த எண் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். முதல் பக்கத்தில், செய்தி வந்த வாரத்தில் அவருடைய கடைக்கு எத்தனை விசாரிப்பு வந்தது, வந்தவர்கள் எதைக் கேட்டார்கள், நாம் சொல்ல நினைத்த விஷயம் செய்தியில் இருந்ததா, இல்லை கம்பெனி பெயர் மட்டும் வந்ததா என்று எழுதுங்கள். இந்த விவரத்தை வாங்கக் கிளையன்டின் விற்பனைப் பிரிவோடு நீங்கள் பேசியாக வேண்டும், அந்தப் பேச்சு தொடங்கிவிட்டாலே உங்கள் வேலையின் தரம் ஒரு படி ஏறிவிடும். சில மாதத்தில் கிளையன்டே கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதை விட்டுவிடுவார்.

நியூ ஜெர்சி வாசகி: ஓர் உணவு வங்கியில் தகவல் தொடர்பு வேலை பார்க்கிறேன். விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது, அடுத்தது பேனல். நான் காட்ட நினைக்கும் திட்டத்தில் புதிய தன்னார்வலர்களைச் சேர்க்க வைத்த இலக்கை எட்டவே இல்லை. வேறு திட்டத்தைக் காட்டவா? இரவு தூக்கமே வரவில்லை.

அதையே காட்டுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால், யாரை அடைய நினைத்தோம், எங்கே தடுக்கியது என்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் மூன்று பேரும் இந்த வேலையைச் செய்து பழகியவர்கள், இலக்கை எட்டாத திட்டம் அவர்கள் எல்லாரிடமும் ஒன்றாவது இருக்கும். ஏன் எட்டவில்லை, நடுவில் எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன மாற்றினீர்கள், அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வீர்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் அது நல்ல மதிப்பீடு. எல்லா இலக்கையும் எட்டிய ஒரு திட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால், அது தானாக நடந்ததா நீங்கள் செய்ததால் நடந்ததா என்ற கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

நிறையப் பேர் சறுக்குவது வேறு இடத்தில். நோக்கம், இலக்கு, உத்தி, செயல் என்ற நாலையும் ஒன்றோடு ஒன்று குழப்பிவிடுவார்கள். நீங்கள் அனுப்பிய குறிப்பில் உத்தி என்ற தலைப்பின் கீழே ‘மாதாந்திர நியூஸ்லெட்டர்’ என்று இருக்கிறது. அது உத்தி இல்லை, செயல். ‘ஏற்கெனவே தன்னார்வலர்களாக இருக்கிறவர்கள் தங்கள் நண்பர்களை அழைத்துவர வைப்பது’ என்பது உத்தி, அதற்காகத்தான் நியூஸ்லெட்டர். ஏன் நியூஸ்லெட்டர் என்று கேட்டால் ‘எப்போதும் போடுவோம்’ என்ற பதில் மட்டும் வாயில் வரக் கூடாது. வீட்டில் யாராவது ஒருவரை எதிரே உட்கார வைத்து, நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். இந்தத் துறையே தெரியாதவராக இருந்தால் ரொம்ப நல்லது.

பேனல் முடிந்த பிறகு தேர்வுக்குப் படிக்கும்போது, வரலாறும் கோட்பாடும் சின்னப் பங்குதான் என்று பலர் ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்காதீர்கள். 1982-ல் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி நிவாரணி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தார்கள், ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டிலைத் திரும்பப் பெற்றது, பிறகு எளிதில் பிரிக்க முடியாத முத்திரையோடு மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது. இதைப் பொதுவாக பிரஸ் மீட் சாமர்த்தியமாகச் சொல்வார்கள். அதில் முக்கியமான முடிவு மாத்திரையைக் கடையிலிருந்து எடுத்தது, பேசியதற்கு அதற்கு அடுத்த இடம்தான். நெருக்கடி பற்றிய கேள்விகளில் இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு விடை தேடுங்கள்.

தூங்குங்கள் அம்மா. நீங்கள் தயார்.

மதுரை வாசகர்: பிரஸ் மீட் முடிந்ததும் நிருபர்களுக்குக் கவர் கொடுக்கச் சொல்கிறார் எங்கள் முதலாளி. கொடுக்காவிட்டால் செய்தி வராது என்கிறார். இந்த அங்கீகாரம் வைத்திருப்பவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்?

மாட்டேன் என்று சொல்ல வேண்டும். பி.ஆர்.எஸ்.ஏ.வின் நெறிமுறையில் ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள்: பனிச்சறுக்குக் கட்டை தயாரிக்கும் கம்பெனியின் பி.ஆர். ஆள், விளையாட்டுப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவருக்கு விலை உயர்ந்த ஒரு ஜோடிக் கட்டையைப் பரிசாகக் கொடுக்கிறார், நல்லபடியாக எழுதட்டும் என்று. அது நெறிமுறை மீறல். கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கவரை வையுங்கள், மதுரைக்கும் அதேதான்.

ஆனால் சம்பளம் கொடுக்கிறவரிடம் ‘நெறிமுறை’ என்று சொல்லிவிட்டு வந்துவிட முடியாதே. அதனால் அவருக்குப் புரியும் மொழியில் பேசுங்கள். கவர் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர், உங்கள் போட்டியாளர் பெரிய கவர் கொடுத்தால் அவருக்கும் எழுதுவார். கவர் வாங்காத நிருபர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார், அவர் உங்கள் கம்பெனியைப் பற்றி நல்லதாக எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். அவரோ கவர் கொடுக்கிற பிரஸ் மீட்டுக்கு வருவதையே தவிர்ப்பார். நாளைக்கு உங்கள் நிறுவனத்தில் ஒரு விபத்து நடந்தால் முதலாளிக்குத் தேவைப்படப் போவது அந்த இரண்டாவது ஆள்தான், நீங்கள் போன் செய்தால் எடுத்து, உங்கள் தரப்பையும் கேட்டு எழுதுகிறவர். அவருக்கு ஒழுங்கான தகவலை நேரத்துக்குக் கொடுங்கள், எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கவரில்லாமல் செய்தி வருகிற ஒரு பிரஸ் மீட்டை நடத்திக் காட்டிவிட்டு முதலாளியிடம் போய்ப் பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

எதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்றால், அங்கீகாரம் இருப்பதால் மட்டும் யாரும் உங்களைக் காப்பாற்ற மாட்டார்கள். வேலை போகும் ஆபத்து உங்களுடையதுதான். தனியாக நிற்கவில்லை, இதே வேலையில் இருக்கிற எத்தனையோ பேர் ஒப்புக்கொண்ட ஒரு வரம்பைச் சொல்கிறோம் என்ற தைரியம் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

திருச்சி வாசகர்: வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கு மருத்துவக் கவுன்சில். பி.ஆருக்கு மட்டும் ஏன் சட்டம் இல்லை? யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று இருப்பதால்தானே இந்தத் துறைக்கு மதிப்பில்லை?

இந்தக் கேள்வி மிகப் பழையது. நவீன மக்கள் தொடர்பின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸ், 1995-ல் தம் 103-வது வயதில் காலமானவர், இந்தத் தொழிலுக்கு அரசு உரிமம் வேண்டும் என்று முதுமைக் காலம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார். அமெரிக்காவில் அது நடக்கவில்லை. பேசுவதும் எழுதுவதும் அங்கே அரசியல் சட்டம் கொடுத்த உரிமை, அதற்கு அரசிடம் போய் லைசென்ஸ் வாங்கு என்று சொல்வதை அங்கே ஏற்க மாட்டார்கள். பிரேசிலில் 1967-லேயே இந்தத் தொழிலுக்குச் சட்டம் வந்துவிட்டது. நைஜீரியாவிலும் சட்டப்படி அமைந்த ஒரு நிறுவனம் இருக்கிறது, அதில் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், இந்தியாவில் உரிமச் சட்டம் வேண்டாம். அரசுக்குப் பிடிக்காத ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்துக்காகப் பேசுகிற ஆளின் உரிமத்தை ரத்து செய்வது ரொம்பச் சுலபமாகிவிடும். தானாக முன்வந்து எடுத்துக்கொள்கிற அங்கீகாரம் போதும், ஆனால் அது இங்கே, நம் மொழிகளில், நம் ஊர் உதாரணங்களோடு இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும், கலெக்டர் ஆபீஸும், குறை தீர்க்கும் நாளும், வாட்ஸ்அப் வதந்தியும் அதில் வர வேண்டும். இந்தியாவில் சங்கமும் இருக்கிறது, 2001 முதல் ஆலோசனை நிறுவனங்களுக்கான அமைப்பும் இருக்கிறது. அவர்கள் மனது வைத்தால் முடியும், இதை நான் பார்க்கிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கார்பரோ வாசகர்: கனடாவில் இருக்கிறேன். இங்கும் ஏ.பி.ஆர். என்று ஒன்று சொல்கிறார்கள். நீங்கள் எழுதியதும் இதுவும் ஒன்றா? லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு எது பொருந்தும்?

எழுத்து அதே மூன்று, வழி வேறு. உங்கள் நாட்டில் அதை நடத்துவது 1948-ல் தொடங்கிய கனடிய மக்கள் தொடர்புச் சங்கம். நீங்கள் செய்த ஒரு வேலையை எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும், எழுத்துத் தேர்வு உண்டு, வாய்மொழித் தேர்வும் உண்டு. டொரன்டோவில் வேலை தேடும்போது இதைத்தான் அங்கே அடையாளம் கண்டுகொள்வார்கள், ஆகவே அமெரிக்கத் தேர்வின் பக்கம் போக வேண்டாம். தங்கைக்கு லண்டனில் சி.ஐ.பி.ஆர்.; 1948-ல் தொடங்கி 2005-ல் ராயல் சார்ட்டர், அதாவது அரச சாசனம், பெற்ற பிரிட்டிஷ் மக்கள் தொடர்புச் சங்கம். அங்கே சார்ட்டர்டு நிலை வரை போகலாம், அதற்கு ஒரு நாள் கலந்துரையாடி மதிப்பிடுவார்கள், நெறிமுறை, தலைமை, உத்தி பற்றியெல்லாம் பேச வேண்டும். நாடு விட்டு நாடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு ஐ.ஏ.பி.சி. என்ற சர்வதேசச் சங்கத்தின் வழியாக வந்த சி.எம்.பி., எஸ்.சி.எம்.பி. என்ற இரண்டு சான்றிதழ் இருக்கிறது, முன்னது இடைநிலை அனுபவத்துக்கு, பின்னது மூத்தவர்களுக்கு. எந்த ஊரில் வேலை தேடப் போகிறீர்களோ அந்த ஊர் வேலை விளம்பரங்களில் எந்த எழுத்து வருகிறது என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வடபழனி வாசகி: என் அப்பா சினிமா பி.ஆர்.ஓ. வகுப்பில் ஆசிரியர், சினிமா பி.ஆர். எல்லாம் உண்மையான மக்கள் தொடர்பே இல்லை என்றார். மனது கஷ்டமாக இருந்தது.

உங்கள் ஆசிரியர் மனதில் வைத்துச் சொன்னது, க்ரூனிக், ஹன்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1984-ல் வகுத்த நாலு மாதிரியாக இருக்கும். எப்படியாவது பெயர் வெளியே வந்தால் போதும் என்பது முதல் மாதிரி, இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கேட்டு மாறுவது நாலாவது. சினிமாவை முதல் மாதிரிக்குள் போட்டுவிடுவார்கள். அந்தப் பாடத்தைப் படியுங்கள், தேர்விலும் வரும். ஆனால் அப்பாவைப் பற்றிக் குறைவாக நினைக்காதீர்கள்.

தமிழ் சினிமாவில் பி.ஆர்.ஓ. என்ற வேலையையே தொடங்கி வைத்தவராக ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்வார்கள், 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு. அவர் ஸ்டில்களைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததோடு நிற்கவில்லை. எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தார்கள், யார் எடுத்தார்கள் என்று வாழ்நாள் முழுக்கக் குறித்து வைத்துக்கொண்டே வந்தார். இன்றைக்குத் தமிழ் சினிமா வரலாறு எழுதுகிற யாரும் அவர் சேர்த்த தகவலைத் தொடாமல் எழுத முடியாது. கோவை வாசகிக்கு மேலே ஆராய்ச்சி என்று சொன்னேனே, அந்தக் குணம் அவரிடம் முழுசாக இருந்தது. அப்பா வைத்திருக்கும் பழைய அழைப்பிதழ், ஸ்டில், பிரஸ் ரிலீஸ் எல்லாவற்றையும் தூக்கிப் போட விடாமல் ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் என்ன செய்தார், ஏன் செய்தார் என்று அவரைப் பேசவிட்டு போனில் பதிவு செய்யுங்கள். வகுப்பில் ப்ராஜெக்ட் கேட்கும்போது அதையே கொடுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: கூட்டுறவு நிறுவனம் ஒன்றில் பி.ஆர்.ஓ. முழுக்கத் தமிழிலேயே வேலை செய்கிறேன், ஆங்கிலம் சுமார்தான். இந்தத் தேர்வெல்லாம் எனக்கு எட்டுமா?

தேர்வு ஆங்கிலத்தில்தான். ஆனால் கட்டுரை எழுதச் சொல்வதில்லை, ஒரு சூழ்நிலையைச் சொல்லி, சில விடைகளைக் கொடுத்து எது சரி என்று கேட்பார்கள். நாளிதழ் அளவு ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் போதும், பேனலுக்கு மட்டும் பேசிப் பழக வேண்டியிருக்கும். தேர்வை நடத்தும் போர்டே ஒரு படிப்பு வழிகாட்டியைத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. தேர்வு எழுதுகிறீர்களோ இல்லையோ, அதை இறக்கிக்கொள்ளுங்கள்.

மொத்தமாகப் படிக்க உட்கார்ந்தால் பத்தாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள். உங்கள் ஊரிலேயே இந்த வேலை பார்க்கிற மூன்று நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கல்லூரி, மருத்துவமனை, வங்கி என்று எங்கிருந்தாலும் சரி. வாரத்துக்கு ஒரு பகுதி, ஒருவர் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும், சொல்லும்போது உங்கள் ஊர் உதாரணம் ஒன்று கட்டாயம் கொடுக்க வேண்டும். உங்களுக்கு முதல் உதாரணம் கையிலேயே இருக்கிறது: உறுப்பினர்கள் ஆண்டுக் கூட்டத்துக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வராதவர்கள் இருபது பேர் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்டு வாருங்கள். நோட்டீஸ் எந்தத் தேதியில் அவர்கள் கைக்குக் கிடைத்தது, கூட்டம் வைத்த நேரம் வயல் வேலை நேரமா, போன வருடம் அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்ற மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எழுதி அனுப்புங்கள், அதை வைத்து இலக்கு எப்படி எழுதுவது என்று அடுத்த இதழில் சேர்ந்து பார்ப்போம்.